வேலி அடைக்காத வீடு

எங்கள் ஊரில் ஒரு விரல் அகல நிலத்துக்காக அண்ணனும் தம்பியும் ஆயுள் முழுக்கக் கதையாமல் இருப்பார்கள். அப்படிப்பட்ட ஊர், என் காணிக்கு வேலி இல்லை என்று என்னோடு சண்டைக்கு வந்தது.

கார்த்திகை மழைக்குப் பழைய தென்னோலைக் கிடுகு வேலி விழுந்துவிட்டது. நான் திருப்பி அடைக்கவில்லை. தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை; ஒளிப்பதற்கு என்னிடம் என்ன இருக்கிறது? பின்னேரங்களில் வீட்டில் உடுத்தும் சோட்டிச் சட்டையோடு முற்றத்தில் கதிரையைப் போட்டுப் புத்தகம் வாசித்தேன். நல்ல காற்று வந்தது.

ஒரு கிழமை போக மூன்று பேர் வந்தார்கள். தலைமை, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர். போன மாதம்தான் வாசிகசாலை விழாவில் தனிமனித சுதந்திரத்தைப் பற்றி ஒரு மணித்தியாலம் முழங்கியவர். நானும் வெட்கமில்லாமல் கை தட்டியிருந்தேன்.

“வேலியை ஒருக்கா அடைச்சுவிடுங்கோ ரீச்சர்.”

“ஏன் சேர், ஆருக்கு இடைஞ்சல்?”

“இடைஞ்சல் எண்டில்லை. றோட்டாலை போறவை பாக்கினம்.”

“அவையை முகத்தைத் திருப்பச் சொல்லுங்கோ.”

“உங்கடை சுதந்திரத்துக்குத்தான் சொல்லுறம். வேலி இருந்தா உள்ளுக்கை விரும்பினபடி இருக்கலாம்.”

“இப்பவும் விரும்பினபடிதான் இருக்கிறன்.”

அவருக்கு முகம் கறுத்தது. அவருடைய சுதந்திரத்துக்கு மைக் வேண்டும். மைக் இல்லாத இடத்தில் அதற்கு மூச்சு வராது. காணி உறுதியில் இருப்பது என் பெயர். அங்கே என்ன நிற்கலாம் என்று நான் தீர்மானிக்கக் கூடாதென்றால், இவர்கள் மேடையில் விற்கிற சரக்கு என்ன? கேட்டேன். தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

தை மாதம் தங்கைக்குச் சுகமில்லை என்று வட்டுக்கோட்டையில் மூன்று நாள் நின்றேன். திரும்பி வந்தால், நாலு பக்கமும் பளபளவென்று தகர வேலி, வாசலில் புதுப் படலை. ஊர் சேர்ந்து அடைத்ததாம். என்னை ஒருவரும் கேட்கவில்லை. அதிபர் சைக்கிளை நிறுத்தி, “நன்றியொண்டும் சொல்லவேண்டாம் ரீச்சர்” என்றார். எனக்கு வாயில் வந்தது வேறு.

விடிந்ததும் ஆள் பிடித்து எல்லாவற்றையும் கழற்றுவதென்று முடிவெடுத்தேன். அன்று பின்னேரம் வழமைபோல முற்றத்தில் இருந்தேன். காற்று துளியும் இல்லை. றோட்டில் யாரோ போனார்கள். எனக்கு அவரைத் தெரியவில்லை, அவருக்கும் என்னைத் தெரியவில்லை. உடுப்பை இழுத்துவிடாமல் காலை நன்றாக நீட்டினேன். அப்போதுதான் விளங்கியது, இவ்வளவு நாளும் ஒரு கையால் உடுப்பை இழுத்துக்கொண்டே வாசித்திருக்கிறேன்.

மறுநாள் நான் ஆள் பிடிக்கவில்லை. தகரம் இன்னும் நிற்கிறது. அதைக் கழற்ற வேண்டாமென்று யாரும் என்னைத் தடுக்கவில்லை.