ஓர் எழுத்தும் ஒரு புள்ளியும்

ஸ்டுட்கார்ட்டில் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஒரு நகலெடுக்கும் கடையில் நான் பல வருடங்கள் வேலை செய்தேன். ஆய்வேடு அச்சிட வரும் மாணவர்கள் கடைசி நேரத்தில் தங்கள் மேற்கோள் பட்டியலைப் பார்த்துக் கண் கலங்குவார்கள். யார் எழுதியது, எந்த வருடம், எந்த இதழ், எந்தப் பக்கம் என்று கட்டுரையின் முடிவில் வரிசையாகப் போடுவார்களே, அந்தப் பட்டியல். காற்புள்ளி எங்கே வரவேண்டும், எது சாய்வெழுத்தில் வரவேண்டும் என்று ஒவ்வொரு இதழுக்கும் ஒரு பிடிவாதம். கலங்கியவர்களுக்குப் பக்கத்தில் நின்று நின்றே அந்த வேலையைப் பிடித்துக்கொண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை. இப்போது கடை இல்லை, ஆட்கள் வீட்டுக்கு வருகிறார்கள்.

ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் அந்தக் கடைக்கு வருவார். ஒருநாள் அவர் சொன்னார்: "இந்தப் பட்டியல் கலியாணத்துக்கு ஆட்களை அழைப்பது போல. வந்தவனைப் பற்றி ஒருவரும் பேசமாட்டார்கள். விடுபட்டவன்தான் கடிதம் போடுவான்." ஒரு ஜெர்மன்காரர் வாயிலிருந்து கலியாணப் பேச்சு வந்ததில் எனக்குப் பெரிய சந்தோசம். வருகிறவர்களுக்கெல்லாம் அதைச் சொல்வேன். இவளுக்கும் சொன்னேன்.

இவள் என்றால், எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் இருந்தவள். வயலுக்குப் போடும் உரத்தின் நைட்ரேட் நிலத்தடி நீரில் எப்படிப் பரவுகிறது என்பது அவளுடைய ஆராய்ச்சி. கணவனோடு இருந்த காலத்திலேயே நான்கு கட்டுரைகள் வெளியிட்டிருந்தாள். அந்தக் கணவனையும் எனக்குத் தெரியும். அவன் கதைத்தால் சிரிக்காமல் இருக்க முடியாது. சிரித்த பிறகுதான் குத்துத் தெரியும். ஒரு பிறந்தநாளுக்கு அவர்கள் வீட்டில் ரோல்ஸ் பொரித்தபோது, எண்ணெய் உறிஞ்சட்டும் என்று அவள் திருத்திக்கொண்டிருந்த கட்டுரைத் தாள்களை எடுத்துத் தட்டில் விரித்துவிட்டான். அவள் குசினி வாசலில் நின்று பார்த்தாள்.

"சும்மா சொல்லக்கூடாது," என்றான் எல்லோர் முன்னாலும். "உம்மட ஆராய்ச்சியால இண்டைக்குத்தான் நாலு சனத்துக்குப் பிரயோசனம்."

அறை முழுக்கச் சிரித்தது. ரோல்ஸ் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

பிறகு விவாகரத்து நடந்தது. எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. ஜெர்மன் அலுவலகங்களோ அது இல்லாமல் விடா. அதனால் பிள்ளைக்கு அப்பாவின் பெயரையும் கலியாணமானவளுக்குக் கணவனின் பெயரையும் அந்த இடத்தில் எழுதிக் கொடுத்துவிடுவோம். இலங்கையிலிருந்து இங்கே வந்த நாங்கள் அநேகமாக எல்லோரும் செய்தது அதைத்தான். அதன் வினை மேற்கோள் பட்டியலில் தெரியும். குடும்பப் பெயர் முழுதாக முன்னுக்கு வரும். சொந்தப் பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கி, ஒரு புள்ளியோடு பின்னால் நிற்கும்.

அவள் அப்பா பெயருக்குத் திரும்பி, அந்தப் பெயரில் எழுதிய முதல் கட்டுரையோடு என்னிடம் வந்தாள். வேலை ஒப்பந்தம் வசந்தத்தோடு முடிகிறது. அதற்குள் இந்தக் கட்டுரையை ஓர் இதழ் ஏற்றுக்கொள்ளாவிட்டால் நீட்டிக்க முடியாது என்று அவளுடைய ஆய்வுக்குழுத் தலைவர் சொல்லியிருந்தார்.

"மரியாதையாத்தான் சொன்னவர் அக்கா. கதவைத் திறந்து பிடிச்சுக்கொண்டு சொன்னவர்."

பட்டியலைத் திறந்தேன். அகர வரிசையின் நடுவில் அவன் பெயர் நான்கு தரம், ஒன்றின் கீழ் ஒன்றாக.

"இதுகளை எடுங்கோ."

"உம்மட கட்டுரையள் எல்லே, பிள்ளை?"

"ஆரின்ர பேர் கிடக்கு எண்டு பாருங்கோ."

"அந்த இதழுகளுக்கு எழுதி, பேரை மாத்தச் சொல்லிக் கேக்கேலாதோ?"

"கேட்டனான். அச்சடிச்சது அச்சடிச்சதுதானாம். அப்பா பேர், இல்லாட்டிப் புருசன் பேர். நான் எப்பவும் ஒரு எழுத்தும் ஒரு புள்ளியும்."

அப்போதுதான் பேராசிரியரின் கலியாணக் கதையைச் சொன்னேன். அவள் சிரித்தாள். "விடுபடுறது நான்தானே அக்கா. நான் எனக்குக் கடிதம் போடமாட்டன்."

நான்கையும் எடுத்தேன். கட்டுரை போனது.

இந்த இதழ்களில் கட்டுரையை ஒரு மதிப்பீட்டாளர் வாசித்துத் தீர்ப்புச் சொல்வார். எழுதியவர் யாரென்று அவருக்குத் தெரியாது, அவர் யாரென்று எழுதியவருக்கும் தெரியாது. இலையெல்லாம் கொட்டி முடிந்த பிறகு பதில் வந்தது. அவள் போனை என் மேசையில் வைத்தாள். அதில், இன்னாரின் முன்னோடியான ஆய்வைக் கட்டுரையாளர் அறியாதது வியப்பளிக்கிறது என்று இருந்தது. அந்த மனிதர் எப்போதோ தெளிவாகச் செய்து காட்டிய முறையை இவர் மங்கலாகத் திருப்பிச் செய்திருக்கிறார், முதலில் அவரை வாசிக்கட்டும் என்றும் இருந்தது. இன்னார் என்று நான் எழுதிய இடத்தில் அவள் கணவனின் பெயர்.

"அவர் நைட்ரேட் எண்ட சொல்லை வாயால சொன்னதில்லை அக்கா," என்றாள்.

அது நான்தான் என்று இதழாசிரியருக்கு எழுதினாள். உடனே பதில் வந்தது: விளக்கத்துக்கு நன்றி, உங்கள் வாழ்வு சிறக்கட்டும், அச்சான பெயரிலேயே மேற்கோள் காட்டித் திருப்பி அனுப்புங்கள், இல்லையென்றால் கட்டுரையை ஏற்பதற்கில்லை.

அனுப்புவதற்கு முதல்நாள் நான் தட்டச்சு செய்ய, அவள் பக்கத்தில் இருந்தாள். நான்கும் திரும்பிப் போய்த் தங்கள் இடத்தில் உட்கார்ந்தன. கட்டுரைக்குள்ளும் மாற்ற வேண்டியிருந்தது. 'நாம் முதலில் நிறுவினோம்' என்று அவள் எழுதியிருந்த இடத்தில் 'இன்னார் முதலில் நிறுவினார்' என்று அவன் பெயரைப் போட்டேன். கடைசியில் மதிப்பீட்டாளருக்கான பதில் கடிதம். நன்றி சொல்லித் தொடங்குவதுதான் முறை.

"சொல்லும், அடிக்கிறன்."

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு ஜெர்மன் மொழியில் சொன்னாள். இன்னாருடைய முக்கியமான ஆய்வை எம் கவனத்துக்குக் கொண்டுவந்தமைக்கு மனமார்ந்த நன்றி.

"மனமார்ந்த எண்டது வேணுமோ?"

"போடுங்கோ. கலியாணக் கார்ட்டிலயும் அந்தச் சொல் இருந்தது."

கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். ஒப்பந்தமும் நீண்டது. கோடையில் கோயில் திருவிழா. வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் அன்னதானத்துக்கு வரிசையில் நின்றோம். அவன் போனை நீட்டிக்கொண்டு நேராக என்னிடம் வந்தான். அவள் எனக்குப் பின்னால், கையில் தட்டோடு நின்றாள்.

"அக்கா, நான் பள்ளிக்கூடம் ஒழுங்காப் போகாதவன். இதைப் பாருங்கோ, 'முதலில் நிறுவினார்' எண்டு என்ர பேர் கிடக்கு. ஆர் எழுதினது? இவதான். வீட்டில இருக்கேக்க வாயிலயிருந்து ஒரு நல்ல சொல்லு வந்திருக்குமோ?"

வரிசையில் நின்றவர்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"முழுக்க வாசிச்சனீங்களோ?" என்று கேட்டாள் அவள்.

"என்ர பேர் வாற இடமெல்லாம் வாசிச்சன்."

இன்னும் பெரிய சிரிப்பு. அவள் தட்டை நீட்டிச் சோறு வாங்கினாள், சாம்பாரும் வாங்கினாள், எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்தாள்.

ரயிலில் சேர்ந்து திரும்பி வந்தோம். எங்கள் நிறுத்தத்துக்குக் கிட்ட வந்ததும் கேட்டாள்: "இனி எழுதுற ஒவ்வொண்டிலயும் அவரைப் போட வேணும், என்ன அக்கா?"

"அந்த முறையைப் பாவிக்காட்டி வேண்டாம்."

"அது என்ர முறை."

"ஓம்," என்றேன். "அப்ப போடத்தான் வேணும்."