இல்லை என்பதை நேரில் போய்ச் சொன்னவர்

கடந்த மாதம் ஒரு காலை, ஆக்லாந்தில் எங்கள் ஹில்ஸ்பரோ வீட்டில் நான் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. மகள் எடுத்தாள். "அம்மா, இட்ஸ் ஃபார் யூ. ஃப்ரம் இங்லண்ட்" என்று நீட்டினாள். மறுமுனையில் பேராசிரியர் புவனேஸ்வரி நாகமுத்துவின் தங்கை. "அக்கா போயிட்டா. நித்திரையிலயே போயிட்டா. அங்க தெரிஞ்ச ஆக்களுக்கு நீங்கள்தான் சொல்லிவிட வேணும்" என்றார். நான் சரி என்றேன். பிறகு வழக்கம்போல வேலைக்குப் போனேன். அவர் இறந்ததற்காக ஒருவர் வேலைக்குப் போகாமல் நிற்பதை அவர் விரும்பியிருக்க மாட்டார்.

இந்தத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் இங்கிலாந்திலிருந்து ஆக்லாந்துக்குப் பொறியியல் பீடத்தின் தலைவராக, அதாவது பீடாதிபதியாக வந்தார். அவர் இங்கிருந்து போகும்வரை அவருடைய அலுவலகத்தில் நான் நிர்வாக அலுவலராக இருந்தேன். திரும்பிப் போய் அங்கே ஒரு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானதும், தமிழர் ஒருவர் அந்த நாற்காலியில் அமர்ந்தார் என்று இங்கே நாம் எல்லோரும் பெருமைப்பட்டதும் உங்களுக்குத் தெரியும். நான் சொல்ல நினைப்பது அதற்கு முன்னும் பின்னும் நடந்தவை.

பதினொரு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்குப் போனவர். அவருடைய தமிழும் அந்த வயதிலேயே நின்றுவிட்டது. உச்சரிப்பு சுத்தமாக இருக்கும். பெரிய சொற்கள் இருக்காது. இங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் நவராத்திரி வாணி விழாவில் நான் அவரைப் பீடாதிபதி என்று அறிமுகம் செய்தபோது, மேடையிலேயே என் காதுக்குள் கேட்டார்: "அது மடத்துச் சாமியாரையெல்லோ சொல்லுறது?" எவ்வளவு சிக்கலான விஷயத்தையும் அவர் அந்தச் சின்னத் தமிழில்தான் சொல்ல வேண்டியிருந்தது. அதனாலேயே அவர் சொன்னவை மறக்காமல் இருக்கின்றன என்று நினைக்கிறேன்.

அவர் வந்த அடுத்த ஆண்டு, சங்கத்துப் பெரியவர்கள் சிலர் அவர் வீட்டுக்குப் போனார்கள். வழிகாட்ட நானும் போனேன். விஷயம் கருணாகரனைப் பற்றியது. இலங்கையில் பொறியியல் பட்டம் பெற்று, சில ஆண்டுகள் வேலையும் பார்த்தவர். அகதியாக வந்து, நகரின் நியூ லின் பகுதியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தார். எங்கள் பீடம் அவருடைய பட்டத்தை ஏற்கவில்லை. முதலாம் ஆண்டிலிருந்து படிக்கச் சொன்னது. மனைவி, இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு. அது நடக்கிற காரியம் அல்ல.

"தங்கச்சி, நீங்கள் ஒரு கையெழுத்து வைச்சாக் காணும்" என்றார் சங்கத் தலைவர்.

"வைக்கேலாது அண்ணை" என்றார் புவனேஸ்வரி. "என்னைத் தெரிஞ்ச ஆளுக்கு நான் கதவைத் திறந்தா, என்னைத் தெரியாத ஆள் வெளியிலதானே நிக்கும்?"

"எங்கட சனத்துக்குக்கூடச் செய்ய மாட்டீங்களோ?"

"செய்வன். ஆனா இப்பிடிச் செய்யமாட்டன்."

வந்தவர்கள் தேநீரைத் தொடாமல் எழுந்தார்கள். காரில் திரும்பும்போது அவரை வெள்ளைக்காரி என்று ஒருவர் சொன்னார். யாரும் மறுக்கவில்லை.

அடுத்த பீடச் சபைக் கூட்டத்தில் அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். வெளிநாட்டில் பொறியியல் படித்த எவரும் எங்கள் இறுதியாண்டுத் தேர்வுகளை நேரடியாக எழுதலாம். தேறினால் அவருடைய பட்டத்தை நாம் ஏற்க வேண்டும். தரம் கெட்டுவிடும் என்று ஒரு மூத்த பேராசிரியர் எழுந்தார். "தேர்வுத்தாளை அமைத்தவர் நீங்கள்தானே, உங்களுக்கே அதில் நம்பிக்கை இல்லையா?" என்று இவர் ஆங்கிலத்தில் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுத் தீர்மானத்தைத் தோற்கடித்தார்கள்.

கூட்டம் முடிந்து நடந்தபோது, லண்டனில் அவருடைய அப்பா பட்ட பாட்டை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ஊரில் நில அளவையாளராக இருந்தவர் அங்கே தபாற் கந்தோரில் கடிதங்களைத் தரம் பிரித்தவர்.

"சொன்னா அவைக்குப் பாவமா இருக்கும்" என்றார். "பாவம் பார்த்துப்போட்டு, பிறகும் மாட்டன் எண்டுதான் கை தூக்குவினம். அப்பாவை ஏன் அதுக்குள்ள இழுக்க?"

அடுத்த ஆண்டு அதே தீர்மானத்தை மீண்டும் கொண்டுவந்தார். இடையில் ஒவ்வொரு பேராசிரியரின் அறைக்கும் தனியாகப் போய்ப் பேசியிருந்தார். இந்த முறை மயிரிழையில் நிறைவேறியது. முதலில் விண்ணப்பித்தவர்களில் கருணாகரனும் ஒருவர். பகலில் வேலை, இரவில் படிப்பு. எழுதினார். ஒரு பாடத்தில் தவறினார்.

முடிவு கடிதத்தில் போகத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன்பு புவனேஸ்வரியே நியூ லின்னுக்குக் கார் ஓட்டிப் போய், கடைக்குப் பின்னால் கருணாகரனின் இடைவேளை வரும்வரை நின்று சொன்னார். நானும் கூட இருந்தேன். கருணாகரன் ஏப்ரனைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டார்.

"ரெண்டு மார்க்ஸ் போட்டுவிட்டிருக்கலாம், அக்கா."

"போட்டிருக்கலாம். பிறகு நீங்கள் கட்டுற பாலத்தில நான் ஏறமாட்டன்."

கருணாகரனுக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. கோபம்தான் மிஞ்சியது, ஏப்ரனைத் திரும்பக் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். புவனேஸ்வரி உடனே புறப்படவில்லை. கதவு மூடிய பிறகும் அங்கேயே நின்றார். திரும்பி வரும்போது சாவியை என்னிடம் நீட்டினார்; நான் ஓட்டினேன்.

மறுமுறை கருணாகரன் தேறினார். இன்று நகரின் தெற்கே பாபகூராப் பக்கம் வடிகால் திட்டங்களைப் பார்க்கிறார். அந்தத் தேர்வை எழுதி வந்தவர்களில் ஈராக்கியர் உண்டு, பிலிப்பினோ உண்டு, சென்னைக்காரர் உண்டு. புவனேஸ்வரியை அவர்களில் பலருக்குத் தெரியாது. அதைத்தான் அவர் விரும்பினார்.

பிறகு துணைவேந்தர் பதவி வந்தது. சங்கம் மண்டபம் எடுத்துப் பொன்னாடை போர்த்தியது. தேநீரைத் தொடாமல் எழுந்தவர்கள்தான் மாலையும் வாங்கி வந்தார்கள். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவர் போனது, தான் ஆராய்ச்சிப் பட்டம் பெற்ற அதே பல்கலைக்கழகத்துக்கு. நிலக்கரி ஊர். அவர் படித்தது சுரங்கப் பொறியியல். பெண் என்பதால் மாணவியாக இருந்தபோது அவரை நெடுநாள் சுரங்கத்துக்குள் இறங்க விடவில்லையாம். மேலே நின்றபடி கற்களை வாங்கிப் பார்த்திருக்கிறார். இப்போது சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுவிட்டன. அந்தத் துறைக்கு மாணவர் வருவதில்லை. இரண்டுக்கும் பணம் போதாது; அதைத் தொடர்ந்து நடத்தினால் தாதியர் கல்வியைக் கைவிட வேண்டும். அவர் சுரங்கத் துறையை மூட முடிவெடுத்தார். தன்னைப் படிப்பித்த துறையை.

அறிக்கை அனுப்பினால் போதும் என்று எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். அவர் தனியே அந்தக் கட்டடத்துக்குப் போய், விரிவுரையாளர்களையும் ஆய்வுகூடப் பணியாளர்களையும் கூட்டிச் சொன்னார். கேட்டவர்களில் அவரோடு படித்தவர்களும் இருந்தார்கள். வெளியே வரும்போது மாணவர்கள் முட்டை எறிந்தார்கள். அந்த வாரம் எனக்குத் தொலைபேசியில் சொன்னார்:

"கோட்டைக் கழுவக் குடுத்திட்டன். அந்தக் கறை போயிடும். என்னோட படிச்ச ஒருத்தன் என்ர முகத்தையே பார்த்துக்கொண்டு நிண்டான். அதுதான் போகுதில்லை."

"வேற வழி இருந்திச்சோ?" என்று கேட்டேன்.

"இருந்திருக்கும். எனக்குத் தெரியேல்லை."

அந்த முடிவு சரியா என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அந்த ஊரில் இன்றும் அவர் பெயரைக் கசப்போடு சொல்பவர்கள் இருப்பதாகத் தங்கை சொல்கிறார். இறுதிச் சடங்குக்குத் தாதிகள் வந்தார்களாம். அவரோடு படித்த அந்த மனிதரும் வந்து, கடைசி வரிசையில் இருந்துவிட்டுப் போனாராம். தனக்கு நோய் இருப்பது தெரிந்த பிறகும் அவர் பதவியில்தான் இருந்தார். இதைப் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை. ஓய்வெடுக்க அவருக்குத் தெரியாது.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது என்ன என்று யோசித்தேன். அவருடைய துணிவு எனக்கு வரவில்லை. இப்போது பல்கலைக்கழகத்தில் அனுமதி மறுக்கப்பட்டவர்களுக்குக் கடிதம் அனுப்புவது என் பொறுப்பு. கடிதம் போவதற்கு முன்பு, ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து நானே சொல்கிறேன். சிலர் ஏசுகிறார்கள். சிலர் நெடுநேரம் பேசாமல் இருக்கிறார்கள். அவர்கள் வைக்கும்வரை நான் வைப்பதில்லை.