மூன்றாவது புகை

எங்கள் கரையில் பிரசவம் என்றால் பெரின் தொதியேயைத்தான் கூப்பிடுவோம். பாதிரியார் முன்னிலையில் ஊர்ப் பெண்கள் கூடித் தேர்ந்தெடுத்த மருத்துவச்சி. பொல்லாத வாய், தங்கமான கை. அவள் நிலத்தை ஒட்டியதுதான் என் நிலம்.

கியூபெக்குக்கு மேலே, செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் தென்கரையில் எல்லார் வீடும் ஆற்றைப் பார்த்துத்தான் இருக்கும். நிலம் நாடா மாதிரி பின்னால் நீண்டு காட்டில் போய் முட்டும். ஆறு தொடாத நிலத்தைச் சும்மா கொடுத்தாலும் இங்கே சீந்துவாரில்லை. மாவு அரைக்க, பூசைக்குப் போக, உப்பு வாங்க, பெண் பார்க்க, எல்லாவற்றுக்கும் படகுதான். மரத்தை வெட்டிச் சாலை போட எங்களுக்கு வேறு வேலை இல்லையா என்ன?

பெரினின் ஒரே மகள் உர்சுலை இரண்டு பேர் கேட்டார்கள். ஜெர்வே எங்கள் பக்கத்து ஆள், ஆனால் காட்டுக்குள் தள்ளிக் குடியேறியவன். லெயோனார் நேர் எதிர்க்கரை. நான் ஜெர்வேக்காகப் பேசிப் பார்த்தேன்.

"போடா! மகளைப் பாக்க முழங்கால் சேத்துல நடக்கணுமா நான்? எதிர்க்கரைன்னா துடுப்பைப் போட்டேன்னா சூப் ஆறுறதுக்குள்ள போயிடுவேன்" என்றாள்.

அவள் சொன்னது சரிதான். ஆறு உறையும்போதும் உடையும்போதும் வருகிற அந்தச் சில வாரங்கள் மட்டும்தான் கணக்கில் சேராதவை. அப்போது பனிக்கட்டி மிதந்து வரும். படகில் போனால் நசுக்கிவிடும், நடந்தால் விழுங்கிவிடும்.

லெயோனாரைக் கட்டிக்கொண்டு அக்கரைக்குப் போன உர்சுலுக்குப் பிரசவ நாள் குறித்தது கிறிஸ்துமஸுக்கு அப்புறம். அதற்குள் ஆறு கல்லாகிவிடும், சறுக்குவண்டியிலேயே போய்விடலாம் என்று பெரின் நம்பியிருந்தாள். டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு காலை, எதிர்க்கரையில் ஒற்றைப் புகை எழுந்தது.

அந்த நாட்களில் இரு கரைக்கும் புகைதான் பேச்சு. வலி கண்டால் ஒன்று, பிள்ளை பிறந்தால் இரண்டு, தாயும் பிள்ளையும் நலமென்றால் மூன்று.

பனிக்கட்டி மிதந்துகொண்டிருந்த ஆற்றை நோக்கிப் பெரின் படகைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். நானும் என் தம்பியும் இடுப்பைப் பிடித்து இழுத்து வந்தோம். எங்கள் பரம்பரையையே ஏசித் தீர்த்தாள். பிறகு கரையிலேயே நின்றாள்.

அந்த நேரம் பார்த்தா என் மனைவி மத்துரினுக்கும் வலி எடுக்க வேண்டும்! பிள்ளை தலைக்குப் பதில் கால் முன்னால் வந்திருந்தது. பெரின் ஆற்றைப் பார்த்தாள், என் வீட்டைப் பார்த்தாள்.

"சக்கரி, நீ இங்கயே நில்லு. புகையை எண்ணி ஓடியாந்து சொல்லு."

உச்சிவேளையில் இரண்டாவது புகை எழுந்தது. ஓடிப்போய்ச் சொன்னேன். "ம்" என்றாள், தலை தூக்கவில்லை. திரும்பி வந்து நின்றேன். வெயில் சாய்ந்தது. மூன்றாவது புகை வரவில்லை. கண் வலிக்கப் பார்த்தும் வரவில்லை.

உள்ளே மத்துரினின் அலறல் கேட்டு வாசலுக்குப் போனேன். பெரினின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. நடுங்கி நான் பார்த்ததே இல்லை.

"மூணாவது வந்துச்சாடா?"

"வந்துடுச்சுக்கா."

வாய்விட்டுச் சிரித்தாள். "பாத்தியா! என் பொண்ணுடா அவ!" கை நடுக்கம் நின்றது. சற்று நேரத்தில் என் மகள் வீல் என்று கத்தினாள்.

பெரின் கையைக் கழுவிக்கொண்டு கரைக்கு வந்தாள். அக்கரையில் மெலிந்துபோன இரண்டு புகை. அவற்றைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

போனது தாயா, பிள்ளையா என்று தெரியாமலே பதினேழு நாள். கண்ணெதிரே அந்த வீடு, நடுவில் அந்தப் பாழாய்ப்போன ஆறு. தினமும் வந்து என் குழந்தையைக் குளிப்பாட்டினாள். நான் கோழை, அவள் வரும்போதெல்லாம் தொழுவத்தில் ஒளிந்துகொண்டேன்.

பதினெட்டாம் நாள் பனி இறுகியது. பனிமேல் பத்திரமான தடம் காட்ட நாங்கள் ஊசியிலை மரக்கிளை நடுவதற்கு முன்பே தனியாக நடந்து போனாள். சாயங்காலம், பசும்பாலில் தாக்குப்பிடித்திருந்த பேரனோடு திரும்பி வந்தாள். உர்சுலைப் புதைத்து பதினாறு நாள் ஆகியிருந்தது. பால் கொடுக்கச் சொல்லிப் பிள்ளையை மத்துரினிடம் நீட்டினாள்.

"என்னை மன்னிச்சிடுக்கா" என்றேன்.

"பொய் சொன்னதை அன்னைக்கே மன்னிச்சுட்டேன் சக்கரி. நீ நெசத்தைச் சொல்லியிருந்தா இவளும் போயிருப்பா." பிள்ளையின் போர்வையை இழுத்து மூடினாள். "ஆனா எம் பொண்ணு அங்க செத்துக்கிட்டிருந்தப்ப நான் இங்க சிரிச்சேனேடா. அதை யாரு மன்னிப்பாங்க?"