செருப்போடு மட்டும் வாசித்த கிதார்

சொந்தமாக ஓர் எலெக்ட்ரிக் கிதார் கட்ட ஆசைப்பட்டுச் சென்னைக்குப் போனேன். கிதாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயருக்குக் கடைக்காரர் இரண்டு செட் பாகங்களைக் காட்டினார்.

"இதுல டிரான்ஸ்ஃபார்மர் இல்ல சார். விலையும் கம்மி, கனமும் இல்ல. உத்திரமேரூருக்கு பஸ்ல ஈசியா எடுத்துக்கினு போலாம்."

லேசானதையே வாங்கினேன். கொல்லைக் கொட்டகையில் ரப்பர் செருப்போடு உட்கார்ந்து எல்லாவற்றையும் பூட்டினேன். அருமையாகப் பேசியது.

கிறிஸ்துமஸ் பாட்டுக்கு மாதா கோயிலுக்கு எடுத்துப்போனேன். வழக்கம்போல் செருப்பை வாசலில் விட்டேன். அப்போதுதான் கழுவிய தரை ஈரமாக இருந்தது. பிளக்கைச் சொருகி, கிதார் கம்பியைத் தொட்டதும் கை அதோடு ஒட்டிக்கொண்டது. கத்த முயன்றேன், குரல் எழவில்லை.

"ஐயோ, இன்னா ஆச்சு?" என்று என் மனைவி மரியா என்னை இழுக்க ஓடிவந்தாள்.

"தொடாத மரியா!" என்று அலறிய அவள் அண்ணன், பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார். அவள் விரல்கள் என் சட்டைக்கு ஒரு சாண் தள்ளி அந்தரத்தில் நின்றன.

லைன் மின்சாரத்தைப் பிரித்து நிறுத்தும் அந்தக் கனமான டிரான்ஸ்ஃபார்மர் இல்லாததால், மின்சாரம் நேரே கம்பிவரை வந்திருக்கிறது. கொட்டகையில் என்னைக் காத்தது செருப்பு.

இப்போதெல்லாம் எந்த செட்டையும் முதலில் தூக்கிப் பார்க்கிறேன். கனத்தில் தோள்பட்டை இறங்கினால்தான் விலையே கேட்கிறேன்.