டீசல் தாங்கிக்குள் விட்ட நாணல் தடி

எங்கள் வீட்டுப் பால்கனியில், காஸ் சிலிண்டருக்குப் பின்னால், ஒரு நாணல் தடி சாத்தி வைத்திருக்கிறேன். ஒரு கை நீளம். பலெர்மோவின் ஒரேத்தோ ஆற்றங்கரையில் வெட்டியது. ஆறு என்று சொல்லவே கூச்சமாக இருக்கும் அந்த வாய்க்காலின் இரண்டு கரையிலும் நாணல் மட்டும் குறைவில்லாமல் வளரும். தடியின் ஒரு பக்கத்தில் கத்தியால் கீறிய எட்டு அடையாளங்கள். ஒவ்வொன்றும் பத்து லிட்டர் டீசலுக்கு. ஆகக் கீழே உள்ளது மற்றவற்றைவிட ஆழமானது. மழைக்காலத்தில் தடியை உள்ளே எடுத்து வைப்பேன். வெயில் ஏறினால் வெடிக்குமோ என்று நிழலுக்கு மாற்றுவேன். பூச்சி அரித்திருக்கிறதா என்று விளக்கை அருகில் பிடித்துப் பார்ப்பேன். இதைக் குப்பையில் போடச் சொல்லி மனைவி அலுத்துவிட்டாள். அவளுடைய அண்ணனின் தடிதான் இது.

மச்சான் இந்த ஊருக்குப் பிந்தி வந்தவர். மன்னாரில் லொறி ஓட்டியவர், பலெர்மோவிலும் எப்படியோ ஒரு பழைய டீசல் லொறியைத் தேடி வாங்கிவிட்டார். முன்னால் மூன்று பேர் நெருங்கி உட்காரலாம். பின்னால் ஒரு சிறிய குடும்பத்தின் தட்டுமுட்டுச் சாமான் அடங்கும். எங்கள் ஆட்கள் வீடு மாறினால் அவருடைய லொறிதான். கடைக்காரர்களுக்கு மரக்கறி ஏற்றுவதும் அதுதான். கூலி கொடுக்கக் கஷ்டப்படுகிறவர்களிடம் வாங்கமாட்டார். அந்த லொறியைத் தவிர அவருக்கு வேறு தொழில் இல்லை. அவருடைய வயதில் ஒரு வீட்டு வேலைக்கோ சமையல்கட்டுக்கோ யாரும் அவரை எடுக்கப் போவதும் இல்லை. தொழில் இருந்தால்தான் குவெஸ்தூராவில், அந்தப் பொலிஸ் கந்தோரில், பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பித்துத் தருவார்கள். லொறி நின்றால் அவர் இந்த ஊரில் இருக்கமுடியாது. இத்தாலியின் வடக்கே, பெர்கமோவில், மகளின் வீட்டில் ஒரு கட்டில் இருந்தது. அங்கே போவதைப் பற்றிக் கதைத்தால் அவருடைய முகம் கறுத்துவிடும்.

ஊரில் நான் கணக்குப் படிப்பித்தவன் என்பதால் அவர் என்னை மாஸ்டர் என்றே கூப்பிடுவார். இங்கே நான் ஒரு வயதான இத்தாலிய அம்மாவை, சிஞ்ஞோராவைப் பராமரித்துக்கொண்டு அவருடைய வீட்டிலேயே தங்கியிருந்தேன். வீட்டு வேலைக்காரருக்கு இந்த ஊரில் வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் ஓய்வு. அந்த இரண்டு பொழுதும் நான் லொறியடியில்தான் நிற்பேன். எரிபொருள் காட்டும் முள் செத்துப்போயிருந்ததால், தாங்கிக்குள் விட்டுப் பார்ப்பதற்காக மச்சான் இந்தத் தடியைச் செய்தார். அளப்பது என் பொறுப்பு. முதல் நாளே அடியில் உள்ள ஆழமான கீறலைக் காட்டி, "மாஸ்டர், இதுக்குக் கீழை போச்சுதெண்டால் வீட்டை திரும்பேலாது. அதை மட்டும் பாத்துக்கொள்ளுங்கோ," என்றார்.

லொறிக்கு வருத்தம் ஒரு மாரிகாலத்தில் தொடங்கியது. காலையில் கிளப்பினால் லொறி காய்ச்சல்காரனைப் போல நடுங்கியது. நின்ற இடத்தில் இயந்திரம் ஏறியும் இறங்கியும் துடித்தது. கண்ணாடி சட்டத்துக்குள் கிடந்து அடித்தது. சூடேறிய பிறகு சற்று அடங்கும், ஆனால் ஏற்றம் வந்தால் மூச்சு வாங்கும். டீசலும் கண்முன்னே குறைந்தது. முன்பு ஒரு லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் ஓடிய லொறி எட்டுக்கு இறங்கி, பிறகு ஏழுக்கும் வந்தது. எனக்கு நித்திரை வரவில்லை. சிஞ்ஞோராவுக்கு மருந்து கொடுக்கும் நேரத்திலும் மனதுக்குள் வகுத்தல் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

சுலபமானவற்றிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். டயர்களில் காற்று அளந்தோம். பிரேக் இழுத்துப் பிடிக்கிறதோ என்று, சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, நான்கு சில்லுகளிலும் கையை வைத்துப் பார்த்தேன். நான்கும் ஒரே சூடு. காற்றுப் பில்டரைத் தட்டியபோது அதிலிருந்து சகாராப் பாலைவனத்துச் செம்மண் கொட்டியது. சிரொக்கோ காற்று வருஷாவருஷம் கடல் கடந்து கொண்டுவந்து எங்கள் தலையில் போடும் மண் அது. புதியதை மாட்டினோம். ஒன்றும் மாறவில்லை. டீசல் பில்டரைக் கழற்றினால் உள்ளே கூழ்போல ஏதோ படிந்திருந்தது. நிரப்பும் இடத்து டீசல்தான் அழுக்கு என்று நான் முடிவுகட்டி, வேறிடத்தில் நிரப்ப வைத்தேன். அடுத்த பில்டரிலும் அதே கூழ்.

ஒரேத்தோப் பக்கத்தில் எங்களுக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் இருந்தார். எதற்கும் எரிச்சல்படுகிற மனுஷன். லொறியைக் கண்டதும், வாயில் சிகரெட்டோடு, "வெக்கியோ" என்பார். கிழடு என்று அர்த்தம். "லொறியைச் சொல்லுறானோ, எங்கள் ரெண்டு பேரையும் பாத்துச் சொல்லுறானோ தெரியேல்லை," என்பார் மச்சான். அந்த மனுஷன் ஒரு வியாழன் பின்னேரம் இயந்திரத்தை ஓடவிட்டு, டீசலைத் தூவும் இன்ஜெக்டர்களுக்குப் போகும் குழாய்களின் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி இறுக்கினார். முதலாவதைத் தளர்த்தியதும் இயந்திரம் நொண்டியது. இரண்டாவதுக்கும் நொண்டியது. மூன்றாவதைத் தளர்த்தியபோது ஒரு மாற்றமும் இல்லை. முதலே செத்துக் கிடந்ததைத் தளர்த்தினால் என்ன, இறுக்கினால் என்ன. நான்காவது நொண்டியது. மூன்றாவது இன்ஜெக்டரைக் கழற்றி, அதன் மூக்கில் ஒட்டியிருந்த கரியை நீக்கிப் போட்டுத் தந்தார். லொறி பழையபடி ஓடியது. அன்று மச்சான் எனக்குக் கோப்பி வாங்கித் தந்தார். லொறி குணமானதை நான் நம்பவில்லை. நம்பாமல் இருந்ததே நல்லதாய்ப் போயிற்று. மூன்று கிழமையில் நடுக்கம் திரும்பியது.

இதற்கிடையில் வேறொன்று என்னைத் தின்றது. ஞாயிறு பின்னேரம் தடியை விட்டு அளந்த மட்டத்தைவிட, வியாழன் அளக்கும்போது மட்டம் உயர்ந்திருந்தது. இடையில் டீசல் அடிக்கவில்லை என்றார் மச்சான். லொறி சரிவில் நின்றிருக்கும் என்று நினைத்துச் சமதரையில் நிறுத்தி அளந்தேன். தடியைத் துடைத்துத் துடைத்து மூன்று தரம் விட்டுப் பார்த்தேன். மட்டம் உயர்ந்தே இருந்தது. குடிக்கிற லொறியின் வயிறு தானாக நிறையுமா? வயதாகிவிட்டது, என் கண்தான் பிழை என்று கண்ணாடியை மாற்றினேன்.

விடை மலையில் வந்தது. ஊரை ஒட்டிய மலையில் உள்ள சாந்தா ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கு எங்கள் ஆட்கள் கால்நடையாக ஏறுவது வழக்கம். மாதாவுக்கு வைக்கிற நேர்த்தியை இந்த ஊர்ப் புனிதைக்கும் வைக்கப் பழகிவிட்டார்கள். நடப்பவர்களுக்குத் தண்ணீரும் சோற்றுப் பார்சலும் ஏற்றிக்கொண்டு மச்சானின் லொறி பின்னால் போகும். முழங்கால் வலியால் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பாதி மலையில் இயந்திரம் திணறி, ஓரமாக நின்றுவிட்டது. இறங்கிப் பின்பக்கம் போனேன். பொரித்த மணம் வந்தது. கடலை மாவைத் தட்டையாக வெட்டிப் பொரிக்கிறார்களே, பனெல்லே, அந்த மணம்.

கீழே ஊரில் என்றால் நான் திரும்பியும் பார்த்திருக்கமாட்டேன். ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேயிலிருந்து சந்தை வரைக்கும் மூலைக்கு மூலை எண்ணெய்ச் சட்டி கொதிக்கிற ஊர் இது. லொறி எங்கே நின்று புகை விட்டாலும் பக்கத்துக் கடையின் மணம் என்றே நினைப்போம். ஆனால் மலையில் கடை இல்லை. இரண்டு பக்கமும் பைன் மரங்கள், கீழே கடல். சைலன்சருக்கு அருகே குனிந்தேன். பிறகு தடியை எடுத்துத் தாங்கிக்குள் விட்டு, அடையாளங்களைப் பார்க்காமல், மூக்கருகே கொண்டுபோனேன். தடி முழுக்கச் சமையல்கட்டு மணம்.

மச்சான் இறங்கி வந்து என்னைப் பார்த்தபடி நின்றார். எத்தனை நாளாக என்று கேட்டேன்.

"மணந்து பாத்திட்டீங்களோ மாஸ்டர்," என்றார். சிரிக்கத்தான் பார்த்தார்.

பிறகு கல்லில் உட்கார்ந்து சொன்னார். எங்கள் பெடியள் பலர் ரெஸ்டோரண்ட் சமையல்கட்டுகளில் வேலை செய்கிறவர்கள். அவர்களுக்குத் திங்கட்கிழமைதான் ஓய்வு. நான் சிஞ்ஞோராவின் வீட்டில் அடைந்திருக்கும் திங்களில் அவர்கள் லொறியடிக்கு வருவார்கள். என்னுடைய வியாழனும் ஞாயிறும் அவர்களுக்கு வேலை நாள். அதனால் நாங்கள் சந்தித்ததே இல்லை. ஊரில், யுத்தத்தின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கலந்து லொறி ஓட்டிய கதையை மச்சான் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் இந்த லொறியும் குடிக்குமோ அண்ணை என்று ஒருவன் பகிடியாகக் கேட்டு, அடுத்த திங்கள் பொரித்து மிஞ்சிய எண்ணெயில் ஒரு போத்தல் கொண்டுவந்திருக்கிறான். லொறி குடித்தது, ஓடியது, எல்லோரும் கைதட்டினார்கள். அதன்பிறகு வந்தவன் எவனும் வெறுங்கையோடு வரவில்லை. அவர்கள் கூலி கொடுக்காமல் வீடு மாறியவர்கள். அவர்களிடம் கொடுக்க இருந்தது அதுதான். பழைய சாரத்துணியில் வடித்து, மூடியை இறுக்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டு வந்தார்களாம்.

என் கணக்குகள் எல்லாம் அந்த இடத்திலேயே சரியாகிவிட்டன. திங்கட்கிழமை எண்ணெயைச் சேர்த்தால் லொறி நான் எழுதியதைவிட எவ்வளவோ அதிகம் குடித்திருக்கிறது. ஏழுகூட ஓடவில்லை. எண்ணெய் குளிரில் தடித்து, பில்டரை அடைத்து, இன்ஜெக்டரில் கருகி, தூவ வேண்டிய டீசலை ஒழுகவிட்டிருக்கிறது. எரியாமல் போன பாதியைத்தான் மலையில் மணந்தேன்.

"தெரிஞ்சுகொண்டே விட்டனீரோ?" என்று கேட்டேன்.

"பில்டரைக் கழட்டேக்கை தெரிஞ்சுது."

"இஞ்சின் செத்துப்போகும் மச்சான். ரெவிசியோனேச் சோதனை வருது. புகையைப் பாத்தவுடனை தள்ளிவிடுவாங்கள். பேந்து பெர்மெஸ்ஸோவுக்கு என்னத்தைக் காட்டப்போறீர்?"

அவர் மலைப்பாதையைப் பார்த்தார். நடந்து வந்தவர்கள் செபமாலை சொல்லியபடி வளைவில் தெரிந்தார்கள். "கிழமைக்கு ஒரு நாள் லீவு. அந்த நாளிலை நித்திரை கொள்ளாமல், பஸ் ஏறி, என்னோடை கதைக்க வாறாங்கள். கொண்டு வந்ததை வேண்டாம் எண்டு எந்த வாயாலை சொல்லுறது? அவங்கள் வராமல் விட்டால், லொறியை வைச்சு நான் என்ன செய்யிறது?"

அவர்களிடம் நான் சொல்கிறேன் என்றேன். சொல்லக்கூடாது என்று கையைப் பிடித்துக்கொண்டார். இனித் தாங்கிக்குள் ஊற்றமாட்டேன் என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல்லை அவர் காப்பாற்றினார். பெடியள் தொடர்ந்து எண்ணெய் கொண்டுவந்தார்கள். இவர் கைநீட்டி வாங்கி, ஊற்றியதாகப் பாவனை பண்ணி, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பால்கனியில் அடுக்கினார். ஒருநாள் போய்ப் பார்த்தேன். தண்ணீர்ப் போத்தல், ஒரேஞ்சுப் போத்தல், வினாகிரிப் போத்தல் என்று சுவரோடு வரிசையாக நின்றன. எண்ணத் தொடங்கி நிறுத்திவிட்டேன்.

தாங்கியைக் கழற்றிக் கழுவினோம். ஆனால் அதற்குள் டீசல் பம்ப் உள்ளே பிசின் பிடித்து இறுகியிருந்தது. புதியது இப்போது யாரும் செய்வதில்லை என்றார் மெக்கானிக். பகேரியாவில் பழைய வாகனங்களை உடைக்கிற இடமொன்றில் அதே ஜாதி லொறி நிற்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு வியாழன் பின்னேரம் ரயிலில் போனோம். எலுமிச்சைத் தோட்டத்துக்கு அருகே, காற்றிறங்கிய டயர்களில், அச்சொட்டாக எங்களுடையதைப் போன்ற லொறி நின்றது. மச்சான் அதன் முகப்பைத் தடவிவிட்டு மூடியைத் தூக்கினார். பம்ப் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பொந்தும், வாளால் அறுத்த நான்கு குழாய் நுனிகளும்தான் இருந்தன. எங்களுக்கு முன்னரே யாரோ வந்து போயிருந்தார்கள்.

ரெவிசியோனேயில் புகை பார்க்கும் கருவியைச் சைலன்சருக்குள் விட்ட பையன் எண்ணைப் பார்த்துவிட்டு, பிழையாக இருக்கும் என்று மறுபடி பார்த்தான். பிழை இல்லை. லொறியை உடைக்கக் கொடுத்து, நம்பர்த் தகட்டை ஒப்படைத்தார் மச்சான். பெர்மெஸ்ஸோவுக்குக் காட்டத் தொழில் இல்லை. இத்தாலிப் பிரஜையான மகளின் தகப்பன் என்று அவளுடைய விலாசத்தில் எழுதினால்தான் கிடைக்கும். ஆகவே பெர்கமோ. அவர் புறப்பட்டது என்னுடைய வியாழன் பின்னேரம் ஒன்றில். ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் ஒரு பெட்டியும் இந்தத் தடியுமாக நின்றார். பெடியள் யாரும் இல்லை. வியாழன் அவர்களுக்கு வேலை நாள். திங்களில் போகலாமே என்று நான் முதலே சொல்லியிருந்தேன். அவங்கள் ஸ்டேஷனுக்கும் போத்தலோடை வருவாங்கள் மாஸ்டர், என்று மறுத்துவிட்டார். ரயில் நகரும்போது ஜன்னலால் தடியைத் தந்தார்.

இப்போது சிஞ்ஞோரா இல்லை. எனக்குக் கிழமை முழுதும் ஓய்வு, திங்கட்கிழமைகளும் என்னுடையவை. சில திங்கட்கிழமைகளில் லொறி நின்ற இடத்துக்கு நடந்து போய்ப் பார்த்திருக்கிறேன். யார் யாருடையவோ கார்கள் நிற்கின்றன. இத்தாலிக் கடவுச்சீட்டுக் கிடைத்த பெடியள் குடும்பத்தோடு இங்கிலாந்துக்குப் போய்விட்டார்கள். மிஞ்சியவர்களுக்கு அங்கே வர ஒரு காரணமும் இல்லை. மச்சான் மகளின் வீட்டில் ஜன்னலுக்கு அருகே உட்கார்ந்திருப்பதாகச் சொல்கிறார்கள். போனில் அவர் கேட்பது குறைந்துகொண்டே வருகிறது. போன முறை ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "மாஸ்டர், திங்கக்கிழமையிலை ஆரும் வாறவையோ?" ஓம் என்றேன். கனபேரோ என்றார். அதற்கு ஒரு எண் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நேற்றுச் சிரொக்கோ அடித்தது. பால்கனி முழுக்கச் செம்மண். தடியைத் துடைத்து உள்ளே வைக்க எடுத்தேன். ஈரத் துணி பட்டதும் அந்தப் பொரித்த மணம் லேசாக எழுந்தது; அல்லது கீழ்க் கடையிலிருந்து வந்ததோ தெரியவில்லை, இந்த ஊரில் அதை நிச்சயமாகச் சொல்லமுடியாது. மேலிருந்து ஒவ்வொரு கீறலாகத் துடைத்துக்கொண்டு வந்தேன். ஆகக் கீழே, அந்த ஆழமான கீறலுக்குள் மண் இறுகியிருந்தது. நகத்தால் நெடுநேரம் கிளறிப் பார்த்தேன். வரவில்லை.