மூன்று தண்ணீரில் கழுவிய முட்டைக்கோஸ்

மர்கிலான் ஊரில் சனோபரின் முட்டைக்கோஸுக்குப் பூச்சிமருந்து வாடையே கிடையாது என்று சந்தையே அறியும். பூச்சி அண்டாமலிருக்க வரிசைகளுக்கு நடுவே செண்டுமல்லி நட்டிருந்தாள். இலையுதிர் காலம் வந்துவிட்டால் விடியுமுன்பே எழுந்து புழுக்களைக் கையால் பொறுக்குவாள்.

அவள் காய்ச்சலில் படுத்ததும், ஊர் வழக்கப்படி அக்கம்பக்கத்தார் கூலியில்லாமல் தோட்ட வேலைக்கு வந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு எகம்பெர்தி மட்டும் முதுகில் மருந்து பம்போடு வந்திருந்தார். சனோபர் தள்ளாடி வெளியே வந்தபோது கோஸெல்லாம் மருந்தில் நனைந்திருந்தது. செண்டுமல்லிக்கடியில் தேனீக்கள் செத்துக் கிடந்தன.

"இனி ஒரு புழு இருக்காது, தங்கச்சி. கழுவினா மருந்து போயிடும்," என்றார் எகம்பெர்தி பெருமையாக.

உதவ வந்தவர் குடியையே கெடுத்தாலும் அங்கே திட்டியனுப்பக் கூடாது; வயிறாரச் சாப்பாடு போட வேண்டும். சனோபர் பல்லைக் கடித்துக்கொண்டு புலாவ் கிளறினாள். எல்லோரும் உட்கார்ந்ததும், நறுக்கிய கோஸ் தட்டை எகம்பெர்தியின் முன்னால் வைத்தாள்.

"இப்பத்தான் பறிச்சது. சாப்பிடுங்கண்ணே."

"கழுவினியா?"

"மூணு தண்ணியில."

அவர் கை மெல்ல நீண்டது. தட்டைத் தாண்டிப் போய் ரொட்டியை எடுத்தது.