அவள் போய்வரும் தீவு

ஸ்வீடனில் ஓர் ஏரிக்கு நடுவே இருக்கும் அந்தத் தீவுக்கு நான் ஊர் பார்க்கப் போகவில்லை. என் தோழி வாரத்தில் மூன்று நாள் வேலைக்குப் போய்வரும் இடம் அது. ஏழு வருடமாக அவளைப் போனில் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அவள் பகலெல்லாம் எங்கே நிற்கிறாள், எதைப் பார்க்கிறாள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

அமெரிக்காவில், நியூஜெர்சியின் எடிசனில் நாங்கள் எதிரெதிர் வீடு. இரண்டு பேருடைய கணவர்களும் காலை ரயிலைப் பிடித்து மன்ஹாட்டன் போய்விடுவார்கள். எங்கள் இருவருக்கும் இருந்தது வேலை பார்க்க அனுமதியில்லாத விசா. அவள் திருச்சியில் பிசியோதெரபி படித்து, மருத்துவமனையில் இரண்டு வருடம் வேலை பார்த்தவள். நான் மதுரையில் ஒரு கல்லூரியில் கெமிஸ்ட்ரி பாடம் எடுத்தவள். எட்டு வருடம் எங்கள் சர்டிபிகேட்டுகள் சூட்கேஸுக்கு அடியில் கிடந்தன. எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அவள். என் மகள் பிறந்த அன்று பனியில் ரயில் ஓடவில்லை. என் கணவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிரசவ அறையில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான். என் நகம் பதிந்த தழும்பை அவள் ரொம்ப நாள் எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் அவள் கணவருக்கு வேலை போனது. அறுபது நாளுக்குள் இன்னொரு வேலை தேடிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். வேலை கிடைத்தது, ஆனால் ஸ்வீடனில். இரண்டே வருடம், திரும்பி வந்துவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனாள். வீடு வாங்கினால் ஒரே தெருவில்தான் வாங்குவது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். பிறகு நாங்கள் எடிசனுக்கு அருகே மான்மவுத் ஜங்ஷனில் வீடு வாங்கினோம். மறு வருடமே பக்கத்து வீடு விற்பனைக்கு வந்தது. வாசலில் நட்டிருந்த போர்டைப் போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினேன். மூன்று நாள் கழித்து ஒரு சிவப்பு இதயம் மட்டும் பதிலாக வந்தது.

கிரீன் கார்டுக்குக் காத்திருந்த வருடங்களில் வெளியே போனால் திரும்ப விடுவார்களோ என்ற பயத்தில் நாங்கள் எங்கும் போகவில்லை. கார்டு கைக்கு வந்ததும் நான் முதலில் பார்த்தது ஸ்வீடன் டிக்கெட். முதலில் மதுரைக்குத்தான் கிளம்புவேன் என்று என் கணவர் நினைத்திருந்தார். ஆனாலும் ஒரு வாரம் லீவு போட்டு மகளைப் பார்த்துக்கொண்டார். கல்யாணத்துக்குப் பிறகு நான் தனியாக விமானம் ஏறியது அதுதான் முதல் தடவை.

அவள் இருந்தது ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊர். போய் இரண்டு வருடம் அந்த ஊர் மொழி படித்தாள். அதன் பிறகு, வீட்டில் தனியாக இருக்கும் வயதானவர்களைப் போய்க் கவனித்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்திருந்தாள். தீவில் அப்படி மூன்று பேர். அவர்களில் ஒருவர், மாடு வளர்த்து ஓய்ந்த பெரியவர், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தோழியை ஒருநாள் காப்பிக்குக் கூட்டிவரச் சொல்லியிருந்தாராம். நான் போன மூன்றாம் நாள் அவளுக்கு விடுமுறை. கிளம்பினோம்.

கரையில் மஞ்சள் நிறத்தில் ஒரு ஃபெர்ரி நின்றது. ஐந்தாறு கார் நிற்கும் அளவுதான். அவள் காரை அதன்மேல் ஓட்டி நிறுத்தினாள். ஃபெர்ரி ஓட்டுகிறவர் கண்ணாடி அறையிலிருந்து இறங்கிவந்து அவளிடம் ஏதோ சொல்ல, அவள் பதில் சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். அந்த மொழியில் அவள் குரல் கொஞ்சம் கீழே இறங்கி, நிதானமாக ஒலித்தது. அப்படி ஒரு குரல் அவளிடம் இருந்தது எனக்குத் தெரியாது.

தீவில் ஒரே ஒரு மண்பாதை. சிவப்பு வண்ணம் அடித்த மரவீடுகள் பத்துப் பன்னிரண்டு இருக்கும். வெட்டிய புல்லை வெள்ளை பிளாஸ்டிக்கில் சுற்றி வயலில் உருட்டிவிட்டிருந்தார்கள். ஜூன் மாதத் திருவிழாவுக்கு நட்ட கம்பம், சுற்றியிருந்த இலைகள் காய்ந்துபோய் இன்னும் நின்றுகொண்டிருந்தது. வழியில் காரை நிறுத்திவிட்டு மரங்களுக்கிடையே போனாள். முழங்கால் உயரம்கூட இல்லாத செடிகளிலிருந்து கருநீலப் பழங்களைப் பறித்து என் கையில் கொட்டினாள். நியூஜெர்சி கடைகளில் கிடைக்கும் புளூபெர்ரிக்கு உள்ளே வெள்ளையாக இருக்கும். இது உள்ளேயும் கருநீலம். நாவல்பழம் தின்ற மாதிரி இரண்டு பேர் நாக்கும் நிறம் மாறிவிட்டது. ஒருவருக்கொருவர் நாக்கை நீட்டிக் காட்டிச் சிரித்தோம். எனக்கு நாற்பத்தொரு வயது.

பெரியவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்குள் ஏலக்காய் வாசனை அடித்தது. அவர்கள் பன்னில் ஏலக்காய் போடுவார்களாம். அடுப்பில் காப்பி இறங்குவதற்குள் அவள் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காரச் சொன்னாள். அவர் முனகிக்கொண்டே எழுந்தார். எண்ணியது அவர்தான், அவள் சொல்லிக்கொடுத்திருந்த தமிழில் எண்ணினார். ஒண்ணு, ரெண்டு, மூணு. எட்டாவது தடவை உட்கார்ந்ததும் எழுந்திருக்காமலே, “பத்து” என்றார். அவள் விடவில்லை. இடது முழங்காலுக்குக் கீழே கை கொடுத்து மிச்சத்தையும் செய்ய வைத்தாள். எடிசனில் எட்டு வருடம் நான் பார்த்தறியாத கை அது. எங்கே தொட வேண்டும், எவ்வளவு அழுத்த வேண்டும் என்று தெரிந்த கை. அந்த முழங்கால்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

காப்பி குடிக்கும்போது அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து ஏதோ கேட்டார். அவள் ஒரே வார்த்தையில் பதில் சொன்னாள். என்ன கேட்டார் என்றேன்.

“நீங்க ரெண்டு பேரும் அக்கா தங்கச்சியான்னு கேட்டார். ஆமான்னுட்டேன்.”

நான் பன்னைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டேன்.

நாங்கள் கிளம்பும்போது வானம் இருண்டுவிட்டது. கரைக்கு வந்தபோது மின்னல். காற்று அடங்கும்வரை ஃபெர்ரி எடுக்க மாட்டோம் என்று எதிர்க்கரையிலிருந்து அவளுக்குப் போன் வந்தது. தடுப்புக்கட்டைக்கு முன்னால் எங்கள் கார் மட்டும்தான். மழையில் ஏரியே கண்ணுக்குத் தெரியவில்லை. டேகேரில் பிள்ளைகளை விட்டுவிட்டு அந்த பார்க்கிங் லாட்டிலேயே மணிக்கணக்காக உட்கார்ந்து பேசியவர்கள் நாங்கள். அன்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தோம்.

ஊரிலிருந்து கிளம்பும்போதே சொல்ல வேண்டும் என்று வைத்திருந்ததைச் சொன்னேன். என் கணவரின் ஆபீஸில் ஆள் எடுக்கிறார்கள், விசாவும் அவர்களே போடுவார்கள்.

“உன் வீட்டுக்காரரை அப்ளை பண்ணச் சொல்லேன்டி. உன் பையனும் என் பொண்ணும் ஒரே ஸ்கூல்ல படிக்கலாம்.”

அவள் வைப்பரை ஒருமுறை ஓடவிட்டு நிறுத்தினாள்.

“நீ அந்த போர்டு போட்டோ அனுப்பினப்போ, மூணு நாள் என்ன எழுதுறதுன்னு தெரியாமதான் இருந்தேன்,” என்றாள். “நான் வரலடி. உன்ன நெனைக்காத நாளே கெடையாது. ஆனா அங்க திரும்பி வரணும்னு ஒரு நாள்கூட தோணல. ரெண்டும் ஒண்ணுதான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். இல்ல.”

பிசியோதெரபிஸ்டாகவே வேலை பார்க்க இங்கே லைசன்ஸுக்கு எழுதியிருக்கிறாள், இன்னும் ஒரு பரீட்சைதான் பாக்கி. அதையும் அப்போதுதான் சொன்னாள். போனில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் நான் காத்திருப்பதை நிறுத்திவிடுவேனோ என்று பயமாக இருந்ததாம். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. காரைவிட்டு இறங்கிப் போகலாம் என்றால் சுற்றிலும் தண்ணீர். பிறகு அவள் தோளில் சாய்ந்து அழுதேன். அவளும் அழுதாள். கண்ணாடியெல்லாம் ஆவி படிந்துவிட்டது.

அதன் பிறகு என்னைப் பற்றிக் கேட்டாள். இப்போதுதான் வேலைக்குப் போகலாமே, இன்னும் ஏன் வீட்டில் இருக்கிறேன் என்றாள். அவள் வந்த பிறகு சேர்ந்தே எதையாவது தொடங்கலாம் என்று இருந்திருக்கிறேன் போலும். அதை அவளிடம் சொல்லவில்லை.

இரண்டு மணி நேரம் கழித்து மழை நின்றது. ஃபெர்ரி வந்து பலகையை இறக்கியது. அதில் ஏறியதும் அவள் காரிலிருந்து இறங்கி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். இன்னும் கொஞ்சம் பெரிய ஏரியாக இருந்திருக்கலாம்.

நுவார்க் விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் வழியில், எப்போது வருகிறார்களாம் என்று என் கணவர் கேட்டார். வரமாட்டார்கள் என்றேன். அவர் ரேடியோவை அணைத்துவிட்டு ஓட்டினார். பின்சீட்டிலிருந்து என் மகள், ஆன்ட்டி எப்படி இருக்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

“நல்லா இருக்காடி. ரொம்ப நல்லா இருக்கா,” என்றேன்.

அவள் நன்றாக இருக்கிறாள், அது உண்மை. வெளியே டர்ன்பைக் நெடுஞ்சாலையில் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஸ்வீடனில் அப்போது மாலை ஏழு மணி இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். இரவுச் சாப்பாட்டுக்கு அவள் அரிசி களைந்துகொண்டிருக்கும் நேரம்.